மூன்று பொத்தான்கள்

"இந்தக் கோட்டுல மூணு பொத்தான் போயிடுச்சும்மா. கொஞ்சம் தைச்சுக் குடுக்கிறியா?"

தான் கூட்டி வந்த பெண்ணிடம் வக்கீலம்மா கறுப்புக் கோட்டை நீட்டியதும் நோட்டீஸ் அக்காவுக்குச் சுருக்கென்றது.

தையல் தொழிலாளர் சங்கத்துக்காக முப்பது வருஷம் ஆலை வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. எத்தனையோ முதலாளிகளைப் பார்த்தவள். இப்படி ஒரு வக்கீலைப் பார்த்ததில்லை.

"இவ இங்க தையல் வேலைக்கு வரல, வக்கீலம்மா. நடந்ததைச் சொல்ல வந்திருக்கா."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

பக்கத்து நாற்காலியில் அந்தப் பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆயத்த ஆடை ஆலையில் தையல் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மேலாளர் அவளை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டனுப்பினார். அங்கே நடந்ததை அவள் இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. மேலாளர் மீதும் கம்பெனி மீதும் நஷ்டஈட்டு வழக்குப் போடும் கெடு நாளையோடு முடிகிறது.

போன வாரம் இரண்டு தடவை வந்தாள். வக்கீலம்மா எதிரே உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகத்தான் கேட்டார். துப்பட்டா நுனியில் ஒவ்வொரு நூலாக உருவிக்கொண்டு இருந்தாளே தவிர, வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை என்றால் வழக்கே இல்லை. அந்த ஆள் அதே ஆலையில், அதே நாற்காலியில்.

"ஊசி பிடிக்கிறவன்னா உங்களுக்கெல்லாம் இளக்காரம்," என்றாள் நோட்டீஸ் அக்கா. "மேஜை ஃபேன் மட்டும் புதுசா, சத்தமே இல்லாம ஓடுது. கோட்டுக்குத்தான் கதியில்லையாக்கும். குடுங்க, நானே தைக்கிறேன்."

"வேண்டாம்க்கா. நீங்க தைச்சா என் வாயையும் சேர்த்துத் தைச்சிடுவீங்க."

அந்தப் பெண்ணின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. கோட்டை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். பொத்தான் இருந்த இடத்தில் நேராக அறுபட்டு நீட்டிக்கொண்டிருந்த நூல் நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். நிமிர்ந்து வக்கீலம்மாவைப் பார்த்தாள்.

"பழைய கோட்டும்மா," என்றார் வக்கீலம்மா, காகிதத்தைப் பார்த்தபடி.

"ஊசி இருக்கா மேடம்?"

மேஜை இழுப்பறையிலிருந்து ஊசி, கறுப்பு நூல், தீப்பெட்டிக்குள் மூன்று பொத்தான்கள், எல்லாம் வந்தன.

"எல்லாம் தயாரா இருக்கு," என்றாள் நோட்டீஸ் அக்கா. "தைக்கத்தான் ஆள் வேணும்."

வக்கீலம்மா தன் நாற்காலியை நகர்த்தி, அந்தப் பெண்ணுக்கு எதிரே இல்லாமல் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தார். பேனா மூடியைத் திறந்தார்.

"நாலு கண் பொத்தான் மேடம். குறுக்கா தைக்கவா, நேரா தைக்கவா?"

"எது உறுதியோ அது."

"குறுக்கா."

"சரி."

ஊசி உள்ளே போய் வெளியே வந்தது. இன்னொரு முறை போய் வந்தது.

"அன்னைக்கும் பொத்தான் பிரிவுலதான் இருந்தேன்," என்றாள் அவள், கோட்டைப் பார்த்து.

பேனா நகர ஆரம்பித்தது.

இரண்டாவது பொத்தானில் நின்றுவிட்டாள். நோட்டீஸ் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வக்கீலம்மா ஒரு விரலை உயர்த்தினார். நூலில் சிக்கு விழுந்திருந்தது. அந்தப் பெண் பொறுமையாக அதைப் பிரித்தாள். ஊசி மறுபடி நகர்ந்தது, பேச்சும் நகர்ந்தது.

மூன்றாவது பொத்தான் முடிவதற்குள் எல்லாம் வந்துவிட்டது. எந்தத் தேதி, எந்தக் கதவு, அவன் என்ன சொன்னான், யார் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள். மூன்று வருஷம், முக்கால் மணி நேரத்தில்.

நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். வக்கீலம்மா எழுதியதைப் படித்துக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

"நாளைக்குக் காலையில கோர்ட்டு திறந்ததும் தாக்கல் பண்ணிடறேன். நீ நிம்மதியா போய்த் தூங்கு," என்றார் வக்கீலம்மா.

நோட்டீஸ் அக்கா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் கோபம் ஆறவில்லை. படியிறங்கும்போது ஆரம்பித்தாள்.

"நீ வாயைத் திறந்தியே, அது போதும் எனக்கு. ஆனா அந்தம்மா பண்ணினது தப்பு. நம்மளப் பார்த்தா படிச்சவங்களுக்கு வேலைக்காரியாத்தான் தெரியும். உன் கஷ்டத்தைச் சொல்ல வந்த இடத்துலயும் உன்கிட்ட வேலை வாங்கிட்டாங்க பாரு."

அந்தப் பெண் புன்னகை செய்தாள். மூன்று வருஷத்தில் நோட்டீஸ் அக்கா அதைப் பார்த்ததில்லை.

பாதிப் படியில்தான் நோட்டீஸ் கட்டை மேலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது.

"இங்கயே நில்லு. எடுத்துட்டு, அந்தம்மாகிட்ட நறுக்குன்னு ரெண்டு வார்த்தை கேட்டுட்டும் வந்துடறேன்."

கதவு திறந்துதான் இருந்தது. வக்கீலம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு, மூன்று பொத்தானும் மாட்டி, மேஜை மேல் குனிந்திருந்தார். ஃபேன் நின்றிருந்தது. கையில் ஸ்க்ரூடிரைவர். பின்பக்க மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டு, மூடியை மறுபடி வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா ஓடின ஃபேனை எதுக்கு வக்கீலம்மா கெடுக்கறீங்க?"

திருடும்போது பிடிபட்டவர் மாதிரி வக்கீலம்மா நிமிர்ந்தார். வெளி வராந்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்து வர்ற கட்சிக்காரர் எலெக்ட்ரீஷியன்க்கா. அவருக்கும் இது மூணாவது தடவை."