இந்தப் பதிப்பில் மாறியவை

முதலாளி ரமணதாஸ் மேடையில் பேச, ஜெயராணி கீழே கணினியின் முன் இருந்தாள். கணவன் குகதாசனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை.

"மென்பொருளில என்ன மாற்றம் செய்தாலும், பிள்ளையள் முறையா ஒரு குறிப்பு எழுதவேணும். மிச்சத்தை இந்தக் கருவி பாக்கும். அந்தக் குறிப்புகளை வைச்சு, அடுத்த பதிப்பின்ர எண்ணையும், மாறினதுகளின்ர பட்டியலையும் தானே போடும். இரவு பகலா இருந்து நான் செய்தது!"

வெள்ளவத்தை மண்டபத்தில் வாடிக்கையாளர்கள் கைதட்டினார்கள். இரவு பகலாக இருந்தவன் குகதாசன்; ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் மடிக்கணினியை விடாதவன்.

"ஜெயராணி, நேற்றுச் செய்த பதிப்பை வெளியில விடும். எல்லாரும் பாக்கட்டும்."

அவள் பொத்தானை அழுத்தினாள். பெரிய திரையில் பட்டியல் விழுந்தது.

"பதிப்பு 2.0.1. திருத்தம்: 'ஆக்கியவர் குகதாசன்' என்பது, முதலாளியின் கட்டளைப்படி, 'ஆக்கியவர் ரமணதாஸ்' என்று மாற்றப்பட்டது."

ரமணதாஸ் இறங்கி வந்து அவள் காதருகே சீறினார். "பேரை மாத்தச் சொன்னால் மாத்திப்போட்டுப் பேசாமல் இருக்கிறதுக்கென்ன? ஏன் அதைக் குறிப்பில எழுதினனீர்?"

"குறிப்பு எழுதாட்டி மாத்த விடாது, சேர்," என்றாள் ஜெயராணி. "அவர் அதை அப்பிடித்தான் செய்தவர்."