சுவரில் ஏறாத படம்

"இந்தத் தடவை தேர்தல்ல நான் நிக்கல, வில்டா. போதும்டா சாமின்னு ஆயிடுச்சு," என்று பான்கேக்கில் பாகு ஊற்றியபடி மனைவியிடம் சொன்னார் மேயர் ஆர்வில். மத்தியானம் மாரடைப்பில் போய்விட்டார்.

ஓஹியோவின் அந்தச் சின்ன ஊரில், முன்னாள் மேயர்களின் படங்கள் நகர மன்றச் சுவரில் தொங்கும். வில்டா கணவரின் படத்தோடு போனாள்.

"மாட்டுங்க, லாய்ட்."

"புது மேயர் பதவியேத்தாத்தான் பழையவர் படம் ஏறும். நம்ம ஊர் வழக்கம் தெரியாதா?" என்றார் எழுத்தர் லாய்ட்.

"அப்போ யாரையாவது பிடிங்களேன்!"

"கேட்டாலே ஓடுறாங்க. ஆர்வில் எப்படி மாட்டினார்னு நினைக்கிறீங்க? அவருக்கு முன்னாடி மேயரா இருந்த அவங்கப்பா படம் ஏறணுமேன்னுதான் ஒத்துக்கிட்டார். உங்ககிட்ட சொன்னதே இல்லையா?"

வில்டா படத்தை லாய்டின் மேசையில் வைத்துவிட்டு, உறுதிமொழி எடுக்க வலது கையை உயர்த்தினாள்.

அன்று மாலையே ஆர்வில் சுவரில் ஏறினார்.

மறுநாள் விடியும்போதே வில்டா வீட்டுத் தொலைபேசி எப்போதும்போல் அலறியது.

"மேயர், எங்க தெருக் குழாய் மறுபடி உடைஞ்சிருச்சு!"