இருநூறு பேருக்குக் கண்ணடித்தவர்

"கண்ணடிச்சீங்களா, இல்லையா? ஒரே வார்த்தையில பதில் சொல்லுங்க!"

விசாரணை அதிகாரி மேஜையைத் தட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த நிறுவன நூலகருக்கு ஐம்பத்தாறு வயது. கல்யாணத்துக்கு முன்னால்கூட யாரையும் பார்த்துக் கண்ணடித்துப் பழக்கமில்லாத மனுஷர்.

"இல்ல சார்."

சொல்லி வாயை மூடுவதற்குள் வலது கண் பட்பட்டென்று இரண்டு தடவை சிமிட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா! என் முன்னாலயே!"

நூலகர் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். உடனே வாய் ஆரம்பித்தது. உதடுகள் குவிந்தன, விரிந்தன, இல்லாத ஒன்றை மும்முரமாக மென்றன.

நிறுவனத்தின் பதவி உயர்வுத் தேர்வு நடந்து ஒரு மாதம் ஆகிறது. எல்லாக் கிளைகளிலிருந்தும் இருநூறு பேர் வந்து எழுதினார்கள். யாரோடும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பதால் நூலகரைக் கண்காணிக்கப் போட்டார்கள். மூன்று மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் வினையாகிப் போனது.

பேசிக்கொண்டிருந்தால் அவர் உதடு அடங்கிக் கிடக்கும். அதனாலேயே நூலகத்தில் புத்தகத் தலைப்புகளை முணுமுணுத்துக்கொண்டே திரிவார். சும்மா இருந்தால்தான் ஆட்டம். அது தெரியக் கூடாதென்று தேர்வு அறையில் வருகைப் பதிவேட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பதிவேட்டுக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் இருநூறு பேரையும் பார்த்துச் சிமிட்டித் தள்ளிவிட்டது.

தேர்வு முடிந்து போகும்போது பத்துப் பதினைந்து பேர் அவரைப் பார்த்து உருகிவிட்டுப் போனார்கள். ஒருவர் தோளைத் தட்டி, "உயிருள்ளவரைக்கும் மறக்க மாட்டேன் சார்" என்றார். எவ்வளவு நல்ல மனுஷங்க என்று நூலகர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

முடிவு வந்தது. பின்னாலேயே ஒரு மொட்டைக் கடிதமும் வந்தது. அதிகாரி அதை உரக்கப் படித்தார்.

"'கண்காணிப்பாளர் கண்ணைச் சிமிட்டி விடை சொன்னார். ஒரு தடவை சிமிட்டினால் முதல் விடை, நாலு தடவை என்றால் நாலாவது விடை. நம்பி எழுதிய அத்தனை பேரும் மண்ணைக் கவ்வினோம். இப்படித் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தவர் மேல் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்.'"

நூலகருக்குத் தலை சுற்றியது.

"சார், இதை எழுதினவரே காப்பி அடிச்சேன்னு ஒத்துக்கிட்டிருக்காரே?"

"அது எனக்குத் தெரியாதா?" அதிகாரி எரிந்து விழுந்தார். "அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல உங்க கதையைச் சொல்லுங்க."

"தூசி சார். லைப்ரரித் தூசி கண்ணுக்கு ஒத்துக்கறதில்ல."

"தூசி என்ன, எண்ணி எண்ணியா வந்து விழுது? ஒண்ணு, மூணு, ரெண்டுன்னு?"

"சரியாத் தூக்கம் இல்ல சார்..."

"தூக்கம் இல்லாதவன் கொட்டாவி விடுவான், கண்ணடிக்க மாட்டான். இதோ பாருங்க, சரியான காரணம் சொல்லலைன்னா இன்னிக்கே சஸ்பெண்ட் ஆர்டர். அப்புறம் வீட்டுல உக்காந்து யாருக்கு வேணும்னாலும் கண்ணடிங்க."

காலையில் மனைவி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். "சுகர்னு சொல்லுங்க, பிரஷர்னு சொல்லுங்க. அந்த மாத்திரை விஷயத்தை மட்டும் மூச்சு விட்டுராதீங்க. பைத்தியம்னு பேர் வச்சிட்டா, ரிட்டையர் ஆனாலும் அந்தப் பேர் போகாது."

சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் வேலை போகும். நூலகர் சட்டைப் பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"சார், நான் பதினாலு வருஷமா மனநல மாத்திரை சாப்பிடுறேன். யாரோ என்னைக் கொல்ல வர்றாங்கன்னு கதவைப் பூட்டிக்கிட்டு உக்காந்திருந்த ஆளு நான். இந்த மாத்திரைதான் என்னை வெளிய கூட்டிட்டு வந்து வேலைக்கு அனுப்புது. ஆனா இத்தனை வருஷம் சாப்பிட்டதுல கண்ணும் வாயும் என் பேச்சைக் கேக்கறதில்ல. ஒரு தடவை ரோஷப்பட்டு நானே மாத்திரையை நிறுத்திப் பாத்தேன். இருபது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன். இப்ப டாக்டர் கொஞ்சங் கொஞ்சமா அளவைக் குறைச்சு, இதை அடக்க வேற மாத்திரை குடுத்திருக்கார். அது கேக்கற வரைக்கும் இப்படித்தான் சார். என் கண்ணு யாருக்கும் எந்த விடையும் சொல்லல."

மனைவியையும் டாக்டரையும் தவிர வேறு யாருக்கும் சொல்லாத விஷயம். சொன்னால் உயிரே போய்விடும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். போகவில்லை. மனசு லேசாக இருந்தது.

அதிகாரி சீட்டை இரண்டு தரம் படித்தார். அவர் முகம் தொங்கிப் போயிற்று. பாவம், நமக்காக எப்படி வருத்தப்படுகிறார் என்று நூலகர் நெகிழ்ந்து போனார்.

"சரி. உங்க மேல தப்பு இல்லைன்னு எழுதிடறேன். இந்த விஷயம் இந்த ரூமை விட்டு வெளிய போகாது. நீங்க கிளம்பலாம்."

"ரொம்ப நன்றி சார்."

நூலகர் கதவுவரை போயிருப்பார்.

"ஒரு நிமிஷம்." அதிகாரி கூப்பிட்டார். "அப்போ நீங்க சிமிட்டினதுக்கு அர்த்தமே கிடையாதா?"

"சத்தியமா இல்ல சார்."

"எதுக்குமேவா?"

"எதுக்குமே."

அதிகாரி எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

"பன்னிரண்டாவது கேள்விக்கு என்னையே நேராப் பாத்து, அவ்வளவு அழுத்தந்திருத்தமா மூணு தடவை சிமிட்டினீங்களே... அதுவுமா?"