பத்துக்கு எவ்வளவு?

“பத்துக்கு எவ்வளவு வலிக்குது? யோசிச்சுச் சொல்லுங்கய்யா.”

“மூணு.”

“மூணுதானே? அப்புறம் எதுக்கு இந்த மணிய இப்படி அழுத்தித் தள்ளுறீங்க?”

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். நாற்காலிப் பட்டறையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முந்தின நாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். அப்போதே நர்ஸ் வந்து காலை நீட்டச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டிக் காட்டினார். வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அதிலிருந்துதான், கட்டிலோரத்துப் பொத்தானை அழுத்தி அழுத்தி இந்த மணி.

அந்த முதியோர் இல்லத்தில் ஒரு முறை உண்டு. வலி என்று யாராவது சொன்னால், பத்துக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். ஐந்தோ அதற்கு மேலோ சொன்னால் டாக்டருக்குப் போன் போகும். அதற்குக் கீழே என்றால் சாதாரண மாத்திரை, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பேச முடியாதவர்களுக்கு மட்டும் முகத்தைப் பார்ப்பார்கள். நெற்றி சுருங்குகிறதா, முனகுகிறாரா, புரட்டும்போது கையைத் தட்டிவிடுகிறாரா என்று. வாய் இருக்கிறவனிடம் அந்த வேலையெல்லாம் மிச்சம். எண்ணைக் கேட்டுக்கொண்டால் போதும், ஆளைப் பார்க்க வேண்டாம்.

“மூஞ்சி ஒரு மாதிரியாத்தான் இருக்கு,” என்றாள் நர்ஸ், கொஞ்சம் குனிந்து பார்த்து.

விரிப்பை மாற்ற வந்த ஆயா சிரித்தாள். “இவரு மூஞ்சி என்னிக்குமே வெளக்கெண்ண குடிச்ச மாதிரிதான் சிஸ்டர். நேத்து சூப் எப்படி இருக்குன்னு கேட்டேன். அரை மார்க்குன்னாரு!”

“உப்பு போட்டிருந்தீங்க. அதுக்குத்தான் அரை,” என்றார் பெரியவர், கண்ணைத் திறக்காமல்.

“பாத்தீங்களா? வலிக்கிற மனுஷன் இப்படியா வாயாடுவாரு?”

நர்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “கடைசியாக் கேக்குறேன்யா. மூணுதானா? கூட்டிக் கீட்டிச் சொல்றதுன்னா இப்பவே சொல்லிடுங்க.”

“ஏம்மா, நான் கூட்டிச் சொல்ற ஆளு இல்ல. மூணுன்னா மூணுதான்.”

“அப்ப மணியத் தொடாதீங்க.”

மத்தியானம் மகன் வந்தான். இல்லத்திலிருந்து போன் போனதால் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான். பார்வையாளர்கள் உட்காரும் கூடத்திலேயே நர்ஸ் அவனை நிறுத்திவிட்டாள்.

“உங்கப்பாவால பக்கத்து ரூம்ல ஒருத்தரும் கண்ண மூட முடியல சார். ராத்திரி பூரா மணி. இப்படியே போனா வேற இடம் பாத்துக்கச் சொல்லிடுவாங்க.”

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குக் காது சுட்டது. ஏற்கெனவே இரண்டு இல்லங்களில் அப்பாவின் வாய்க்குப் பயந்து கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள். அவன் வீட்டிலோ ஒரே அறை. அதில் நான்கு பேர்.

“ரொம்ப வலிக்குதாமா சிஸ்டர்?”

“அதெல்லாம் கேட்டாச்சு. கொஞ்சம்தான்னு அவரே சொல்லிட்டாரு. உங்களப் பாக்க இது ஒரு சாக்கு, வேற என்ன?”

அவன் தலையைக் குனிந்தபடி அறைக்குள் போனான். அப்பா ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் மணியின் பொத்தான்.

“ஏம்ப்பா இப்படி என் மானத்த வாங்குறீங்க?”

“வலிக்குதுடா.”

“வயசானா வலிக்கத்தான் செய்யும். மத்தவங்கல்லாம் சும்மா படுத்திருக்கல? அத்தன பேர் முன்னாடி அந்தம்மா என்னக் கேக்குது. எனக்கு நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. இங்கயும் வெளிய அனுப்பிட்டா உங்கள எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

அப்பா பொத்தானை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவன் அவர் விரல்களைப் பிரித்துப் பொத்தானை எடுத்தான். வயரைச் சுருட்டிச் சுவரில் இருந்த கொக்கியில், அவருக்கு எட்டாத உயரத்தில் மாட்டினான். அவர் கொக்கியைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

“சரி விடு. நீ வேலைக்குப் போ,” என்றார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவன் நர்ஸிடம் கையைக் கூப்பினான். “மன்னிச்சுக்கங்க சிஸ்டர். மணிய எட்டாம மாட்டிட்டேன். இனிமே தொந்தரவு இருக்காது.”

“நாங்க ஒண்ணும் கல்நெஞ்சக்காரங்க இல்ல சார். ஒவ்வொரு தடவையும் பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டுட்டுத்தான் இருக்கோம். மூணத் தாண்டவே மாட்டேங்குறாரு.”

ஒரு காலில் செருப்போடு அவன் அப்படியே நின்றுவிட்டான்.

“எவ்வளவுன்னு சொன்னாரு?”

“மூணு.”

“டாக்டரக் கூப்பிடுங்க சிஸ்டர்.” மாட்டிய செருப்பை அவன் உதறினான். “இப்பவே கூப்பிடுங்க.”

“ஏன் சார், வெறும் மூணுக்கா?”

“பட்டறையில ஒவ்வொரு நாற்காலியா கவுத்துப் போட்டு, அடியில சாக்பீஸால மார்க் எழுதுறதுதான் அவரு வேல. பத்துக்கு ஒண்ணு போட்டாலே அது நல்ல நாற்காலி.” அறைப் பக்கம் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. “எங்கம்மா சமையலுக்கு ஒண்ணரை. நான் பொறந்தன்னிக்கு என்னத் தூக்கிப் பாத்துட்டு ரெண்டு. மூணுன்னு இதுவரைக்கும் எதுக்குமே அவரு வாயில வந்ததில்ல சிஸ்டர்.”