நண்டு வைத்த சட்டி

கிணற்றடியில் குந்தியிருக்கிற றெனால்டின் மடியில், அவன் மனைவி நிறஞ்சலா தன் அக்காவிடம் இரவல் வாங்கிய புது எவர்சில்வர் சட்டி. நண்டு உயிரோடு இருக்கட்டும் என்று இரவு முழுக்க அதில் கடல்தண்ணீர் ஊற்றி வைத்தவன் அவன்தான். இப்போது அடியெங்கும் பழுப்புத் துருப்புள்ளிகள். தேசிக்காய்ப் பாதியைச் சாம்பலில் தொட்டுத் தேய்க்கிறான். புளிப்பில் கறள் கரைந்து பழுப்பு நுரையாக வழிகிறது. “நண்டு குளிக்கவே இரவல் வாங்கினனான்? கெதியாத் தேயுங்கோ, அக்கா வாறா!” என்கிறாள் நிறஞ்சலா. கழுவியதும் அடி பளிச்சிடுகிறது. ஆனால் கறை போனாலும் உப்பு அரித்த குழி போகாது. அது கண்ணுக்குத் தப்பும், நகத்துக்குத் தப்பாது. பெருவிரல் நகத்தை மெல்ல இழுக்கிறான். வழுக்கிக்கொண்டே போய், நடுவில் ஓரிடத்தில் தடக்குகிறது. வேலிப் படலை திறக்கிறது. “என்னடி, குடுத்ததை விட மின்னுது?” என்று அக்கா சட்டியை வாங்கி வெயிலுக்குப் பிடிக்கிறாள். பிறகு ஓரத்தில் தன் நகத்தை வைக்கிறாள். அது நடுவை நோக்கி நகர்வதை இருவரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.