ஐம்பத்திரண்டு நிமிடம்

"ஏலே மக்கா, கதவத் தொறடே!"

தடதடவென்று கதவு அதிர்ந்தது. மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத ஷிபின், ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்துபோய்த் திறந்தான்.

முட்டத்து மீனவர் யோவான். வயது அறுபத்தெட்டு. முதல் பஸ்ஸைப் பிடித்து நாகர்கோவில் வந்து, மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பு.

"தெனமும் போன்ல திட்டுனது போதலியா, பாட்டா?"

"எனக்க பேச்ச நாலு வரியில முடிச்சிட்டியாமே? நீ போன்ல அனுப்புனத பக்கத்து வீட்டுப் பிரீனா வாசிச்சுச் சொன்னா."

ஷிபின் நாற்காலியில் சரிந்தான். ஒரு நூலகத்துக்காக இணையதளம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். கடலோர மக்களின் பழைய படங்களும் பேச்சும் அதில் உண்டு. எல்லோரும் தடையில்லாமல் பயன்படுத்த முடியவேண்டும் என்பது நிபந்தனை. பார்வையற்றவர்களுக்காக முன்னூறு படங்களுக்கு விளக்கம் எழுதிவிட்டான். மவுஸ் பிடிக்க முடியாதவர்களுக்காக விசைப்பலகையாலேயே இயங்க வைத்துவிட்டான். நாற்பது ஒலிப்பதிவுகளுக்கு எழுத்து வடிவமும் ஏற்றியாயிற்று. யோவானுடையதுதான் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. நாளைக் காலை திறப்பு.

"உங்க பேச்சு அம்பத்திரண்டு நிமிசம், பாட்டா. பாதி காத்துச் சத்தம். பட்டன அமுக்குனா குரல் முழுசாக் கேக்கும். எழுத்துல சுருக்கம் போதும்."

"ஒரு வார்த்த விடப்பிடாது, கேட்டியா."

"புயல், கட்டுமரம் எல்லாம் போட்டிருக்கேன். வீட்டுக் கதையத்தான் வெட்டினேன்."

"அத எவன்டே வெட்டச் சொன்னான்?"

"நீங்க என்ன மந்திரியா, ஒரு வரி விடாம எழுத?"

"அப்பம் எனக்க பேச்சத் திருப்பித் தா. நாளைக்கு நான் அதுல இருக்கமாட்டேன்."

கிழவருக்கு எவ்வளவு புகழாசை! சண்டை போடக்கூட ஷிபினுக்குத் தெம்பில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். நிறுத்தினான், பின்னுக்கு ஓட்டினான், மறுபடி கேட்டுத் தட்டினான். யோவான் ஸ்டூலில் அமர்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் தாண்டியும் டீகூடக் கேட்கவில்லை.

கவிழ்ந்த கட்டுமரத்தைப் பிடித்தபடி இரண்டு நாள் கடலில் கிடந்த கதை வந்தது.

'ஏட்டி திரேசா, ஒனக்கிட்ட ஒரு நல்ல வார்த்த சொன்னதில்லியேட்டி. கரையேறுனா சொல்லுதேன்னு கத்துனேன்...'

ஷிபின் விரல்களை உதறினான்.

"திரேசா உங்க வீட்டம்மாதானே? இப்ப இருக்காங்கல்லா?"

"ஓ, இருக்கா. வீட்டுல மீன் கழுவிட்டிருப்பா."

"பின்ன என்ன பாட்டா! ஒரே வீட்டுல இருக்கிறவங்ககிட்ட நேரா சொல்லிட்டுப் போறத விட்டுட்டு, எனக்க உயிர ஏன் எடுக்கிறீங்க?"

யோவான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு எழுதத் தெரியாது மக்கா. அவ பைபிள முழுசும் வாசிச்சவளாக்கும்... பொறந்ததுலேர்ந்து காதுதான் கேக்காது."