பன்னிரண்டாவது காவலர்

"சொர்க்கவாசலுக்குக் காவலர் பன்னிரண்டு பேர்னு இந்த மறைநூல் சொல்லுது. ஆனா எண்ணிப் பாருங்க, பேர் போட்டிருக்கறது பதினோரு பேருக்குத்தான்!"

உலகத்திலேயே ஒரே பிரதியான அந்தப் பழைய புத்தகத்தைப் பிரசங்கியார் தூக்கிக் காட்டினார்.

"பன்னிரண்டுங்கிறது நிறைவோட எண். அப்புறம் ஏன் ஒரு இடம் காலியா இருக்கு? அது உங்களுக்கு! பன்னிரண்டாவது ஆள் நீங்கதான்!"

அரங்கமே விம்மியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினாள். பக்கத்தில் அவள் கணவர் மட்டும் முள் மேல் உட்கார்ந்த மாதிரி நெளிந்துகொண்டிருந்தார்.

"ஊரே அழுது. உங்களுக்கு ஒரு சொட்டு வருதா? கல்நெஞ்சு!"

"எனக்கும் அழுகைதான் வருது. காரணம்தான் வேற."

கூட்டம் முடிந்ததும் அவர் நேரே மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனார். பிரசங்கியார் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க! நீங்க பைண்டிங் பண்ணிக் குடுத்த பிறகுதானே இதைப் பயமில்லாம புரட்ட முடியுது? இந்த ரகசியமே அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு!"

"அது விஷயமாத்தான் வந்தேன் ஐயா."

பைண்டர் புத்தகத்தை வாங்கி, பதினோராவது பெயர் இருந்த தாளின் ஓரத்தில் நகத்தை விட்டு மெல்ல நெம்பினார். ஒட்டிக்கிடந்த இரண்டு தாள்கள் பிரிந்தன. உள்ளே பன்னிரண்டாவது காவலர், பெயரும் பட்டமுமாக ஜம்மென்று இருந்தார்.

"மன்னிச்சிடுங்க. பசை கொஞ்சம் கூடிப்போச்சு."

பிரசங்கியாரின் முகம் வெளுத்தது. கதவிடுக்கு வழியே எட்டிப் பார்த்தார். அடுத்த கூட்டத்துக்குத் தெருவரை வரிசை நின்றது. கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பசை கையோட கொண்டுவந்திருக்கீங்களா?"